கொலைவெறியும் குற்றியலுகரமும்

“ஐயா, அது தமிழ்ப் பாட்டா, ஆங்கிலப் பாட்டா?”

2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பள்ளி திறந்த முதல் வாரத்தில், உயர்நிலை இரண்டில் பயின்ற மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. எந்தப் பாட்டு என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அப்போது இருக்கவில்லை. அதற்கு முந்தைய டிசம்பர் விடுமுறையில் சிராங்கூன் சாலையில் எப்பக்கம் நடந்தாலும் அந்த ஒரு பாட்டே காதில் விழுந்தது. பஃபலோ சாலைக் கடையில் வெங்காயம் நிறுத்துக் கொடுத்தவர் அதை முணுமுணுத்தார். தேக்கா நிலையத்தில் தேநீருக்காக வரிசையில் நின்ற சீன இளைஞர் இருவர், தமிழ் அறியாதவர்கள், அதன் முதற்சொற்களைப் பாடிச் சிரித்துக்கொண்டிருந்தனர். ‘ஒய் திஸ் கொலைவெறி டி’ என்பதே அப்பாட்டு.

மாணவிக்கு நான் தயங்காமல் விடை சொன்னேன்: “அது தமிழ்ப் பாட்டு இல்லை, தமிழைக் கெடுக்கும் பாட்டு.” அவள் தலையசைத்துவிட்டு அமர்ந்தாள். மாலையில் வீடு திரும்பும்போது அந்த விடை என்னை உறுத்தியது. உண்மையைச் சொன்னால், பாட்டை நான் அதுவரை முழுமையாகக் கேட்டதே இல்லை. கேட்காமலே தீர்ப்புக் கூறிய குற்றவுணர்வோடு அன்றிரவு கணினியின் முன் அமர்ந்து, தாளும் எழுதுகோலுமாக அதைப் பலமுறை கேட்டேன். என் விடை தவறு என்பது விளங்கியது. ஏன் தவறு என்பதைச் சொல்ல இலக்கண நூல்களை மீண்டும் புரட்ட வேண்டியிருந்தது. அன்று அவளுக்கு நான் தந்திருக்க வேண்டிய விடையே இவ்வுரை.

முதலில் பாட்டு பிறந்த கதையைப் பார்ப்போம். ஐஸ்வர்யா தனுஷ் இயக்கிய முதற்படம் ‘3’. அதற்கு இசையமைத்தவர் அனிருத் ரவிச்சந்தர். 1990 அக்டோபரில் பிறந்தவர். பாட்டு வெளிவந்தபோது அவருக்கு வயது 21. அவருக்கும் அதுவே முதற்படம். காதலில் தோற்ற இளைஞன் ஒருவன் பாடும் எளிய பாட்டொன்று படத்திற்குத் தேவைப்பட்டது. மெட்டு சில நிமிடங்களில் அமைந்துவிட்டது என்றும், அதைக் கேட்ட நடிகர் தனுஷ் ஏறக்குறைய 20 நிமிடங்களில் சொற்களைப் பாடியே கோத்துவிட்டார் என்றும் அவர்கள் பின்னர்ப் பேட்டிகளில் கூறினர். தமிழர்கள் தம் பேச்சில் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்களை மட்டும் மனத்தில் வைத்துப் பாடினேன் என்பது தனுஷ் தந்த விளக்கம். இந்த விளக்கத்தை அப்போது பலரும் கவனிக்கவில்லை. ஆங்கிலத்தில் பாட்டெழுத வேண்டும் என்று அவர் முனையவில்லை. தமிழருடைய வாயில் ஏற்கெனவே வந்து குடியேறிவிட்ட சொற்களை மட்டுமே அவர் எடுத்துக்கொண்டார். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

2011 நவம்பர்த் தொடக்கத்தில், பாட்டின் முற்றுப்பெறாத வடிவம் ஒன்று இணையத்தில் கசிந்தது. திரைப்படத் துறையில் இவ்வாறு கசிவது பெரிய இழப்பு. பாட்டு பழசாகிவிட்டது என்று கைவிடுவோரும் உண்டு. ‘3’ படக்குழுவினர் மாற்று வழி ஒன்றைக் கண்டனர். பாட்டை முறையாக ஒலிப்பதிவு செய்து, அப்பதிவையே படம்பிடித்து, நவம்பர் 16ஆம் நாள் சோனி மியூசிக் நிறுவனத்தின் வழியாக யூடியூபில் வெளியிட்டனர்.

அக்காணொளியில் என்ன இருக்கிறது? சென்னையில் உள்ள ஏ.எம். ஸ்டூடியோ என்னும் ஒலிப்பதிவுக் கூடம். ஹெட்போன் அணிந்து ஒலிவாங்கியின் முன் நின்று பாடும் தனுஷ், அருகே அனிருத், கேட்டுச் சிரிக்கும் ஐஸ்வர்யாவும் ஸ்ருதி ஹாசனும், கருவிகளின் முன் அமர்ந்திருக்கும் ஒலிப்பதிவாளர். ஆட்டம் இல்லை, வெளிநாட்டுக் காட்சி இல்லை, கதை இல்லை. நான்கு நிமிடங்களில் நாம் காண்பது, நண்பர்கள் சிலர் ஓர் அறையில் கூடி வேலை செய்வதை மட்டுமே. தமிழ்த் திரைப்பாடல் என்றால் நூறு பேர் பின்னின்று ஆடுவர் என்று பழகிப்போன கண்களுக்கு இது புதுமை. பாடுபவர் பயிற்சி பெற்ற பாடகரைப் போலக் காட்டிக்கொள்ளவில்லை. குரல் சில இடங்களில் பேச்சாகவே இறங்கிவிடுகிறது. இடையிடையே இசைக்குழுவினரிடம் பேசுவதுபோல் தமிழ்த் தொடர்கள் வருகின்றன. நாதசுரமும் நாட்டார் தாளமும் சாக்சபோனும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் ‘இதை நானும் பாடுவேனே’ என்று தோன்றும். ஒப்பனையே இல்லாததுபோல் செய்த ஒப்பனை அது. காணொளியின் வெற்றிக்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

‘நானும் பாடுவேன்’ என்று தோன்றியவர்கள் உண்மையிலேயே பாடினர். ஒரு வாரத்திற்குள் டுவிட்டரில் இந்தியா முழுவதும் இப்பாட்டைப் பற்றிய பேச்சே முன்னின்றது. இந்தியிலும் பிற மொழிகளிலும், மாணவர் விடுதிகளிலும் அலுவலகங்களிலும் புதுப்புதுச் சொற்களைப் பெய்து பாடிய வடிவங்கள் பெருகின. இவ்வாறு பெருகுவதற்கு மெட்டின் அமைப்பு இடந்தந்தது. சிறு சிறு துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று சொற்கள். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் மெட்டு குலைவதில்லை. கும்மியும் தெம்மாங்கும் ஊர்தோறும் புதுச் சொற்களோடு வாழ்ந்தது இந்த வழியில்தான். டிசம்பர் 28ஆம் நாள், சப்பானியப் பிரதமர் யோஷிஹிகோ நோடாவுக்கு இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் அளித்த விருந்துக்குத் தனுஷும் அழைக்கப்பட்டார். அகமதாபாத்தில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகம் தன் பாடமொன்றில் இப்பாட்டின் பரவலை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டது. யூடியூபில் இதனைக் கண்டோர் எண்ணிக்கை பின்னாளில் 10 கோடியைக் கடந்தது. 2012 மார்ச் 30ஆம் நாள் வெளிவந்த படமோ பாட்டின் புகழை எட்டவில்லை. அது வேறு கதை.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கேட்கலாம். எட்டு மாதங்கள் கழித்து, 2012 சூலையில் கொரியப் பாடகர் சையின் ‘கங்னம் ஸ்டைல்’ வந்தது. அவ்வாண்டு டிசம்பருக்குள் யூடியூபில் 100 கோடி முறை பார்க்கப்பட்ட முதற்காணொளி ஆயிற்று. அதன் முன்னே கொலைவெறி எம்மாத்திரம்? எண்ணிக்கையில் ஒப்பிட முடியாதுதான். ஆனால் சை பாடியது பெரும்பாலும் கொரிய மொழியில். உலகம் சொற்களை விட்டுவிட்டு ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டது. தனுஷின் பாட்டில் பிடித்துக்கொள்ள ஆட்டம் ஏதும் இல்லை, இருந்தவை சொற்களே. உலகம் தனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களைப் பற்றிக்கொண்டு வந்து, தனக்குத் தெரியாத ஒரே சொல்லின் முன் நின்றது. அந்தச் சொல் தமிழ்.

அதைச் சற்றே பிரித்துப் பார்ப்போம். கொலை, வெறி என்னும் இரு சொற்களும் பழமையானவை. சங்க இலக்கியத்தில் ‘வெறி’ என்றால் முருகனை வேண்டி வேலன் ஆடும் ஆட்டம். தெய்வம் ஏறிய நிலை. நறுமணம் என்ற பொருளும் அக்காலத்தில் அதற்கு உண்டு. யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்றும் குடிமயக்கத்தை வெறி என்பர். கொலையோடு சேர்ந்து அது நாளிதழ்களுக்குப் போயிற்று. ‘கொலைவெறித் தாக்குதல்’ என்பது செய்தித் தலைப்புகளில் தேய்ந்துபோன தொடர். அங்கிருந்து சென்னை இளைஞர் அதை எடுத்து, சின்னஞ்சிறு எரிச்சலுக்கும் அந்தப் பெரிய சொல்லைப் பயன்படுத்திச் சிரித்தனர். வேலன் ஆடிய களத்திலிருந்து கைப்பேசித் திரை வரை வந்துள்ள சொல் இது. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எதிர்ப்பும் எழாமல் இல்லை. இந்திப் பாடலாசிரியர் சாவேத் அக்தர் மெட்டையும் பாடும் முறையையும் சொற்களையும் மூன்றாகப் பிரித்து மூன்றையும் கடிந்தார். யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர், என் தமிழ்மீது உனக்கு ஏன் இந்தக் கொலைவெறி என்று கேட்கும் மறுபாடல் ஒன்றை வெளியிட்டார். மொழிக்காக உயிரும் உடைமையும் இழந்த மண்ணிலிருந்து வந்த அந்தக் குரலை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனக்கும் வேறு மனக்குறைகள் உண்டு. பெண்ணின் தோலை வெள்ளை என்றும் நெஞ்சைக் கறுப்பு என்றும் வைத்து விளையாடும் பாட்டு அது. நிறத்தைக் கொண்டு நன்மை தீமையை அளக்கும் பழக்கத்திற்கு நம் வீடுகளில் ஏற்கெனவே இடம் அதிகம். காதலித்தவள் மறுத்தால் அவள்மேல் பழி என்பதும் நம் திரைப்பாடல்கள் சலிக்காமல் சொல்லிவருவதே. ‘டி’ என்ற விளியை வகுப்பறையில் ஒருவரையொருவர் அழைக்க நான் ஒருநாளும் இசைந்ததில்லை. கவிதை என்று எடுத்துக்கொண்டால் இப்பாட்டில் ஒன்றும் இல்லை. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் மாணவியின் கேள்வி அப்படியே நிற்கிறது. நல்ல பாட்டா என்று அவள் கேட்கவில்லை. தமிழ்ப் பாட்டா என்று கேட்டாள்.

அதற்கு விடை காண, பாட்டில் வரும் ஆங்கிலச் சொற்களின் வாலைக் கவனிக்க வேண்டும். நிலா, இரவு, நிறம், வெள்ளை என்பவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் அதில் ஆங்கிலேயர் சொல்வதுபோல் முடிவதில்லை. ‘மூனு’, ‘நைட்டு’, ‘கலரு’, ‘ஒயிட்டு’ என்று ஒவ்வொன்றின் முடிவிலும் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பலர் இதைக் கேலிக்காகச் சேர்த்தது என்றே எண்ணினர். கேலி இருக்கலாம், ஆனால் அந்த உகரத்தைத் தனுஷ் கண்டுபிடிக்கவில்லை.

தமிழ்ச் சொல் எந்த எழுத்தில் முடியலாம் என்பதற்கு நன்னூல் வரையறை தருகிறது. உயிர் 12, மெய்களில் ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள் ஆகிய 11, குற்றியலுகரம் 1, ஆக 24. இப்பட்டியலில் வல்லின மெய் ஒன்றுகூட இல்லை. க், ச், ட், த், ப், ற் என்னும் ஆறில் எதனோடும் தமிழ்ச் சொல் முடிவதில்லை. வல்லினத்தில் நிறுத்த வேண்டிய இடத்தில் தமிழ் நா ஓர் உகரத்தை அரை மாத்திரை அளவிற்குக் குறுக்கிச் சேர்த்து இளைப்பாறிக்கொள்ளும். பாட்டு, நாடு, பந்து, எஃகு என நாம் படித்த குற்றியலுகரச் சொற்கள் அனைத்தும் இவ்வகையின. ‘லைட்’ என்னும் ஆங்கிலச் சொல் தமிழர் வாய்க்கு வந்தால் அது ‘லைட்டு’ ஆகும். ‘பாட்டு’ப் போல வன்றொடர்க் குற்றியலுகரம் ஆகும். ‘பேங்க்’ என்பது ‘பேங்கு’ ஆகி, ‘பாங்கு’ப் போல மென்றொடரில் சேரும். பள்ளிக்கூடம் பார்த்திராத பாட்டியும் இதைத் தவறாமல் செய்வார்.

‘மூனு’ என்பதில் ஒரு சிக்கல் உண்டு. ‘ன்’ சொல்லின் ஈற்றில் வரத்தக்க மெய்தானே, உகரம் எதற்கு? நம் பேச்சில் மீன் ‘மீனு’ ஆவதும் பால் ‘பாலு’ ஆவதும் கண் ‘கண்ணு’ ஆவதும் எவ்வாறோ அவ்வாறே இதுவும். இதைக் குற்றியலுகரம் என்று சொல்ல முடியாது. ஒலிப்பதற்கு எளிமை தேடி வரும் உகரம் என்று கொள்ளலாம். மெய்யீற்றுச் சொற்கள் சில, வேறு சொல்லோடு புணர்கையில் உகரம் பெறும் என்று நன்னூலாரும் விதித்திருக்கிறார். எனவே, இந்த உகரம் நூற்றாண்டுகளாக நம் நாவில் இருந்துவருவது.

இதைவிட வியப்பான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ‘ரோடு’ என்கிறோம். அதனுடன் ‘இல்’ சேர்த்தால் என்ன வருகிறது? ‘ரோடில்’ என்று எவரும் சொல்வதில்லை. ‘ரோட்டில்’ என்றே சொல்கிறோம். வீடு, வீட்டில், காடு, காட்டில், ரோடு, ரோட்டில். நெடில்தொடர்க் குற்றியலுகரம் வேற்றுமை உருபு ஏற்கும்போது டகரம் இரட்டிக்கும் என்னும் விதியை ஆங்கிலச் சொல்லுக்கும் நாம் பொருத்திவிட்டோம். யாரும் நமக்கு இதைக் கற்பிக்கவில்லை. மொழியின் இலக்கணம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது.

பாட்டுக்குத் திரும்புவோம். உகரம் தோலைப் போன்றது, எலும்பு எது? பாட்டின் தொடர்களைப் பாருங்கள். தொலைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னும் கையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னும் ‘ல’ வருகிறது. ‘இல்’ என்னும் ஏழாம் வேற்றுமை உருபின் பேச்சு வடிவம் அது. ஆங்கிலத்தில் இடத்தைக் குறிக்கும் சொல் பெயருக்கு முன்னே வரும்; தமிழில் உருபு பெயருக்குப் பின்னே வரும். பாட்டில் பின்னேதான் வருகிறது. இனி, ஒன்று இன்ன நிறம் என்று சொல்லும் தொடர்கள். ஆங்கிலத்தில் எழுவாயையும் பயனிலையையும் இணைக்க ‘இஸ்’ என்னும் சொல் கட்டாயம் வேண்டும். தமிழுக்கு அது வேண்டாம்: ‘இவர் ஆசிரியர்’, ‘வானம் நீலம்’. இதைப் பெயர்ப்பயனிலை என்போம். பாட்டில் நிறத்தைச் சொல்லும் தொடர்களில் அந்த ‘இஸ்’ இல்லை. சொற்கள் ஆங்கிலம், தொடர் தமிழ். முதற்சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஒய்’ இருக்குமிடத்தில் ‘ஏன்’, ‘திஸ்’ இருக்குமிடத்தில் ‘இந்த’ என்று வைத்தால் ‘ஏன் இந்தக் கொலைவெறி’ என்று பிழையற்ற தமிழ்த்தொடர் கிடைக்கிறது. ஒரு சொல்லையும் இடம் மாற்ற வேண்டியதில்லை.

ஆங்கிலச் சொற்களையெல்லாம் எடுத்துவிட்டுத் தமிழ்ச் சொற்களை வைத்தால், பாட்டின் பெரும்பகுதி அப்படியே நிற்கும். ஆங்கிலேயர் ஒருவரிடம் அதே பாட்டைத் தந்து திருத்தச் சொன்னால், அவர் ஏறக்குறைய ஒவ்வோர் இடத்திலும் சிவப்பு மை தீட்டுவார். என் விடை இதுதான்: ஆங்கிலச் சொற்களால் ஆன தமிழ்ப் பாட்டு அது.

சொற்கலப்பு நம் மொழிக்குப் புதிதன்று. தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தபோதே, வெளியிலிருந்து வருவனவற்றிற்கு இரண்டு வகைகளை ஒதுக்கிவிட்டார். வடசொல்லை ஏற்கும்போது அதன் ஒலியைத் தமிழ் எழுத்துக்கு இணங்க மாற்றிக்கொள்க என்று வழியும் சொன்னார். வருபவரைத் தடுக்கவில்லை, வந்தால் வீட்டு முறைப்படி இருக்கச் சொன்னார். வைணவ உரைகளின் மணிப்பிரவாள நடை இந்த எல்லையைக் கடந்து, வடசொற்களை மாற்றாமலே பெய்தது. அந்நடை பின்னர் வழக்கொழிந்தது. தமிழ்த் திரையிலும் 1994இல் வந்த ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ போன்றவை கொலைவெறிக்கு முன்னோடிகள்.

இந்நெறியைச் சிங்கப்பூரர் நாம் நம் தெருக்களிலேயே காணலாம். ‘கம்போங்’ என்னும் மலாய்ச் சொல் ‘ங்’ என்ற மெய்யில் முடிகிறது. நன்னூல் தந்த 24இல் அது இல்லை. இந்நாட்டிற்கு வந்த நம் முன்னோர் அச்சொல்லைக் ‘கம்பம்’ என்று ஆக்கினர். இல்லாத மெய்யை எடுத்துவிட்டு, இருக்கும் மெய் ஒன்றை வைத்தனர். ‘கெத்தா’ என்னும் மலாய்ச் சொல் தோட்டப்புறங்களில் ‘கித்தா’ ஆயிற்று. நாம் நாள்தோறும் சொல்லும் ‘தேக்கா’வும் தமிழன்று, சிறு மூங்கிலின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் தொடரிலிருந்து வந்தது. இன்று அதைத் தமிழ்ச் சொல்லாகவே உணர்கிறோம். ‘தேக்காவுக்கு’, ‘தேக்காவில்’ என்று உருபேற்றிப் பேசுகிறோம். மறுபுறம், மலாய் மொழியின் ‘கெடாய்’, ‘கப்பால்’, ‘காத்தில்’, ‘மோடால்’, ‘குயில்’ ஆகியவை நம் கடை, கப்பல், கட்டில், முதல், கோயில் ஆகியவற்றிலிருந்து போனவை. அவை மலாய் ஒலிப்பைப் பெற்று மலாயாகவே வாழ்கின்றன. கடன் கொடுத்ததால் நாம் இளைக்கவில்லை. வாங்கியதால் அவர்கள் இளைக்கவில்லை.

அப்படியென்றால் கவலைப்பட ஒன்றுமில்லையா? உண்டு. அந்தக் கவலை கொலைவெறியில் இல்லை என்பதுதான் நான் சொல்லவருவது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நமக்கு வேறோர் இடத்தைக் காட்டுகிறது. 2010இல் சிங்கப்பூர் இந்தியருள் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் 100க்கு ஏறக்குறைய 42 பேர். 2020இல் 59 பேர். வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் அதே பத்தாண்டில் ஏறக்குறைய 37இலிருந்து 28ஆகக் குறைந்தனர். இந்தியர் அனைவரும் தமிழர் அல்லர் என்பதையும், ஆங்கிலம் முதலாகப் பேசும் வீடுகள் பலவற்றில் தமிழும் ஒலிக்கிறது என்பதையும் கருத்தில் கொண்டாலும், போகும் திசை தெளிவு.

மொழியியலறிஞர் கேரல் மையர்ஸ்-ஸ்காட்டன், 1993இல் வெளியிட்ட நூலில் மொழிக்கலப்பை விளக்க ஒரு கருத்தை முன்வைத்தார். இரு மொழிகள் கலக்கும் தொடரில் இரண்டும் சமமாக இருப்பதில்லை. ஒரு மொழி சட்டகம் தரும். சொல்வரிசையும் உருபுகளும் அதனுடையவை. மற்றது அச்சட்டகத்தில் பொருத்தும் சொற்களைத் தரும். இதை வைத்து நம் வீட்டுப் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். ‘லிஃப்டுல ஏறி டென்த் ஃப்ளோருக்குப் போ’ என்று ஒரு தாத்தா சொன்னால், அதில் பாதிக்கு மேல் ஆங்கிலச் சொற்கள், சட்டகமோ தமிழ். ‘பாட்டி, ஐ ஆல்ரெடி ஏட் த தோசை’ என்று பேரன் சொன்னால், அதில் ‘பாட்டி’யும் ‘தோசை’யும் தூய தமிழ்ச் சொற்கள்; சட்டகம் ஆங்கிலம். சொற்களை எண்ணிப் பார்க்கும் ஆசிரியர், தாத்தாவைக் கடிந்துவிட்டுப் பேரனைப் பாராட்டக்கூடும். நானும் பல்லாண்டுகள் அதைத்தான் செய்தேன். பேரனின் தொடரில் தமிழ், சுவரில் மாட்டிய படம்போல் இருக்கிறது. தாத்தாவின் தொடரில் அது சுவராகவே இருக்கிறது.

2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்குச் சிறப்பிடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தபோது, எழுத்துத்தமிழ் தளர்ந்துவிடும் என்று அஞ்சிய ஆசிரியருள் நானும் ஒருவன். இப்போது அந்தப் பரிந்துரையின் பொருள் எனக்கு வேறாகத் தோன்றுகிறது. உருபும் விகுதியும் சொல்வரிசையும் குழந்தையின் வாயில் பழகுவது பேச்சில்தான். அவை பழகிவிட்டால், பின்னாளில் ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டுத் தமிழ்ச் சொல்லை வைப்பது ஓர் அகராதி வேலை. அவை பழகாவிட்டால், அகராதி முழுவதையும் மனப்பாடம் செய்தாலும் ஒரு தொடர் கூட நிற்காது.

அந்த மாணவியின் வகுப்பிற்கு அடுத்த வாரமே ஒரு பயிற்சி கொடுத்தேன். முதலில் கொலைவெறிப் பாட்டின் ஆங்கிலச் சொற்களை மாற்றித் தமிழாக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சில நிமிடங்களில் முடித்துவிட்டனர். பிறகு, அவர்கள் கைப்பேசியில் நண்பர்களுக்கு அனுப்பிய செய்திகளில், தமிழ்ச் சொல் கலந்த ஐந்தை எடுத்து அவ்வாறே மாற்றச் சொன்னேன். வகுப்பு அமைதியாயிற்று. சொற்களை மாற்றினால் தொடர் சரிந்தது. முன்னது பின்னாகவும் பின்னது முன்னாகவும் மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. ஏன் என்று நான் விளக்கவில்லை. ஒரு பையன், “ஐயா, பாட்டுல இருக்கிறது தமிழ், எங்க மெசேஜ்ல இருக்கிறது தமிழ் இல்ல” என்று தானாகவே சொன்னான். ‘மெசேஜ்ல’ என்று அவன் உருபேற்றியதை நான் குறித்துக்கொண்டேன்.

வீட்டுப்பாடமாக, ஓர் இரவு உணவுவேளையில் தம் வீட்டில் பேசப்படும் தொடர்களை எழுதிவந்து, ஒவ்வொன்றின் அருகிலும் சட்டகம் எம்மொழி என்று குறிக்கச் சொல்லியிருந்தேன். கேள்வி கேட்ட மாணவி இரண்டு பக்கங்கள் எழுதிவந்தாள். அப்பாவின் தொடர்கள் கலந்து கிடந்தன. தம்பியின் தொடர்களுக்கு எதிரே ‘ஆங்கிலம், ஆங்கிலம்’ என்று வரிசையாக இருந்தது. கடைசித் தொடருக்கு முந்தையது அவளுடையது: ‘குட் நைட் பாட்டி.’ அதன் அருகே கேள்விக்குறி இட்டிருந்தாள். அதற்குக் கீழே, பாட்டி சொன்ன மறுமொழி: ‘குட்நைட்டு கண்ணு.’ அதன் அருகே, இரண்டு சொற்களின் ஈற்றிலும் இருந்த உகரத்திற்கு அடிக்கோடிட்டு, ‘தமிழ்’ என்று எழுதியிருந்தாள்.